ஊருக்குப் பணம் அனுப்புவது: சிங்கப்பூரில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால், யாராவது ஒரு தம்பி கைபேசியை நீட்டி “அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று கேட்காமல் இருப்பதில்லை. பதினான்கு வருடமாக இங்கே வேலை பார்க்கிறேன், மாதாமாதம் ஊருக்கு அனுப்புகிறேன், அனுப்பி ஏமாந்தும் இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஓரிடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. கணக்குப் போட்டுக் காட்டிய இடங்களில் உள்ள ரேட் உதாரணத்துக்குத்தான், அன்றைய ரேட்டை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி என்று நாங்கள் சொல்வது சிங்கப்பூர் டாலரை.

அண்ணே, நான் வந்து ஒரு மாசம்தான் ஆகுது. பணம் அனுப்ப என்னென்ன வழி இருக்கு?

சம்பளம் விழுகிற வங்கியின் செயலியிலேயே அனுப்பலாம். நம் ஆட்களில் நிறையப் பேருக்கு அது பிஓஎஸ்பி கணக்காக இருக்கும், அதை நடத்துவது டிபிஎஸ் வங்கி, அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பத் தனிக் கட்டணம் இல்லை. இரண்டாவது, சிராங்கூன் ரோடு, பஃப்ளோ ரோடு பக்கம் இருக்கிற பணம் அனுப்பும் கடைகள். பெர்மிட் என்கிற வேலை அனுமதி அட்டையைக் காட்டி, பணத்தைக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளலாம். மூன்றாவது, வைஸ், இன்ஸ்டாரெம், வெஸ்டர்ன் யூனியன் மாதிரியான கைபேசிச் செயலிகள்.

எதில் அனுப்பினாலும் ஒன்றை மட்டும் விடாதீர்கள். அனுப்புகிறவர் பெயர் உங்கள் பெயராக இருக்க வேண்டும், ரசீது உங்கள் கையில் இருக்க வேண்டும். இது ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கடைக்கு லைசென்ஸ் இருக்கான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் தொழிலை இங்கே சிங்கப்பூர் நாணய ஆணையம் கண்காணிக்கிறது, நாம் எம்ஏஎஸ் என்று சொல்வது அதைத்தான். 2019ஆம் ஆண்டின் கட்டணச் சேவைகள் சட்டப்படி உரிமம் வாங்கித்தான் நடத்த முடியும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் எம்ஏஎஸ் இணையத்தளத்தில் இருக்கிறது, கடையின் பெயரைத் தட்டினால் வந்துவிடும். பலகையில் எழுதியிருக்கிற பெயரும் ரசீதில் அச்சாகியிருக்கிற நிறுவனப் பெயரும் வேறுவேறாக இருக்கலாம். ரசீதில் இருக்கிற பெயரைத் தேடுங்கள்.

ஒரு கடைல கமிஷனே இல்லைங்கறான். பக்கத்துக் கடைல அஞ்சு வெள்ளி கேக்கிறான். எது லாபம்?

கமிஷனைப் பார்க்காதீர்கள், ரேட்டையும் தனியாகப் பார்க்காதீர்கள். “இவ்வளவு வெள்ளி தர்றேன், வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும்?” என்று அந்த ஒரு எண்ணைக் கேளுங்கள். கமிஷன் இல்லை என்கிறவர் ரேட்டில் எடுத்துக்கொள்வார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கடை கமிஷன் இல்லாமல் வெள்ளிக்கு 65.10 ரூபாய் தருகிறது. இரண்டாவது கடை 5 வெள்ளி பிடித்துக்கொண்டு 65.80 தருகிறது. நீங்கள் 1,000 வெள்ளி அனுப்பினால் முதல் கடையில் 65,100 ரூபாய். இரண்டாவதில் 995 வெள்ளிக்கு 65,471. இரண்டாவது கடையில் 371 ரூபாய் கூடுதல். அதே ஆள் 200 வெள்ளிதான் அனுப்புகிறார் என்றால் முதல் கடையில் 13,020, இரண்டாவதில் 12,831. இப்போது முதல் கடைதான் லாபம். இந்த உதாரணத்தில் 470 வெள்ளிக்கு இரண்டும் சமமாகிவிடும். அதனால் நண்பனுக்கு லாபமான கடை உங்களுக்கும் லாபம் என்று நினைக்க வேண்டாம், அவர் அனுப்புகிற தொகை வேறு. வாரம் 200 என்று பிரித்து அனுப்புகிற பழக்கம் இருந்தால், மாதம் ஒரு தடவையாகச் சேர்த்து அனுப்ப முடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று. பணம் வெள்ளியாகவே போய் இந்திய வங்கியில் ரூபாயாக மாறுகிற முறை இருக்கிறது. அதில் நடுவில் இருக்கிற வங்கி கொஞ்சம் பிடிக்கும், ஊர் வங்கி போடுகிற ரேட் நமக்கு முன்கூட்டித் தெரியாது, மாற்றுவதற்கு ஜிஎஸ்டியும் உண்டு, ஒரு லட்சம் ரூபாய்க்கு 180 ரூபாய். வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறவர்கள் இங்கேயே ரூபாய்க் கணக்கை முடித்துவிட்டு அனுப்புவது நல்லது.

ரேட் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க. ரெண்டு வாரம் வச்சிருந்து அனுப்பட்டுமா?

ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கிறதா? ஏஜென்டுக்குக் கட்ட மூன்று வட்டிக்கு வாங்கி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 65,000 ரூபாயை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் அதற்கான வட்டி மட்டும் 1,950 ரூபாய். ரேட் 50 காசு ஏறினால் ஆயிரம் வெள்ளிக்கு உங்களுக்குக் கிடைப்பது 500 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் ஏறினால்தான் அந்த ஒரு மாத வட்டியே கட்டுப்படியாகும். கடன் இருக்கிறவர்கள் சம்பளம் விழுந்த அன்றே அனுப்புங்கள், அசலை அடையுங்கள். சீட்டு, நகை, டெபாசிட் எல்லாம் அதற்கு அப்புறம்.

கடன் இல்லாதவர்கள் காத்திருக்கலாம், ஆனால் ரேட் இறங்கவும் இறங்கும். நான் மாதம் ஒரு தேதி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறேன், ரேட் பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை.

(ஏஜென்ட் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் சட்டப்படி இங்கே இருக்கிற ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடியது ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் கேட்டால் மனிதவள அமைச்சிடம் சொல்லலாம்.)

அக்கவுண்ட் நம்பர் மட்டும் போதாதா? ஐஎஃப்எஸ்சி எல்லாம் எதுக்கு?

ஐஎஃப்எஸ்சி என்பது வங்கிக் கிளையின் அடையாளம். மொத்தம் 11 இடம்: முதல் நான்கு எழுத்து வங்கி, ஐந்தாவது இடத்தில் சுழியம், கடைசி ஆறும் கிளை. அந்த ஐந்தாவது இடத்தில் சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிவிட்டுப் பணம் போகவில்லை என்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுவதும் ஆபத்து. கரூரில் இருந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அதே வருடம் ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. அந்தப் பழைய குறியீடுகள் இப்போது செல்லாது.

எழுத்தை விடப் பெரிய பிரச்சினை பெயர். நமக்கு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், ஆதாரில் ஒரு எழுத்துக் கூட, பாஸ்புக்கில் ஒரு எழுத்துக் குறைவு. அம்மாவை “கே. செல்வி” என்று கூப்பிட்டாலும் பாஸ்புக்கில் “செல்வி குமார்” என்று இருந்தால் அதையே எழுத்து மாறாமல் போடுங்கள். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வாயால் சொல்லிக் கேட்டு எழுதாதீர்கள். புதிய கணக்கு என்றால் முதலில் சின்னத் தொகை ஒன்றை அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். எண் மாறி வேறொருவர் கணக்கில் விழுந்துவிட்டால், அவர் சம்மதம் இல்லாமல் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

அம்மாவுக்கு பேங்க் அக்கவுண்டே இல்லை. கையில பணமா கொடுப்பாங்களா?

கொடுப்பார்கள். வெஸ்டர்ன் யூனியன் மாதிரியான சேவையில், அனுப்பும்போது உங்களுக்குக் கிடைக்கிற எண்ணையும் அம்மாவின் அடையாள அட்டையையும் காட்டி வாங்கலாம். ஆனால் ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான், ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்ப முடியாது, ஒருவர் வருடத்தில் 30 தடவைதான் வாங்கலாம். அவசரத்துக்குச் சரி. அம்மா பெயரில் ஒரு கணக்கைத் திறந்துவிடுங்கள், பணத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பேருந்தில் தனியாக வர வேண்டியதில்லை.

இங்க ‘அனுப்பியாச்சு’ன்னு காட்டுது. அம்மா வரலைங்கறாங்க. பயமா இருக்குண்ணே.

முதலில் கிழமையைப் பாருங்கள். இந்தியாவில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறை, ஞாயிறும் அப்படியே. இங்கே மணி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் மறந்துவிடுகிறோம், நமக்குக் காலை பத்து என்றால் அங்கே ஏழரை.

ஒரு வேலை நாள் முழுக்கக் கழிந்தும் வரவில்லை என்றால் அனுப்பிய இடத்தில் “இந்திய வங்கிக்குப் போன பரிவர்த்தனை எண் கொடுங்கள்” என்று கேளுங்கள், ஊரில் யுடிஆர் எண் என்பார்கள். அதைக் கொண்டுபோய்க் கிளையில் காட்டினால் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அம்மாவின் கணக்கில் இரண்டு வருடமாக அவர்கள் எதுவும் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்றால் அது செயல்படாத கணக்காக மாறியிருக்கும், ஆதாரோடு போய் உயிர்ப்பிக்க வேண்டும்.

யுபிஐ நம்பருக்கே இங்கேருந்து அனுப்பலாமாமே?

ஆமாம். கைபேசியிலேயே உடனுக்குடன் பணம் அனுப்பும் முறைகளான சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ இரண்டையும் 2023 பிப்ரவரி 21ஆம் தேதி இணைத்தார்கள். இங்கே டிபிஎஸ், லிக்விட் குரூப் இரண்டிலும் தொடங்கியது. ஊரில் ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ், டிபிஎஸ் இந்தியா என்று ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் வைத்த வரம்பு நாளுக்குச் சுமார் 1,000 வெள்ளி. மருந்து வாங்க, பள்ளிக் கட்டணம் கட்ட என்று அவசரத்துக்கு அருமையான வழி. ரேட்டை மட்டும் மேலே சொன்ன மாதிரி ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.

உண்டியல்ல போட்டா ரேட் கூட, அரை மணி நேரத்துல வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாங்க. அதுல என்ன தப்பு?

உண்டியல் என்பது உரிமமோ ரசீதோ இல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்புவது. இதற்கு நான் என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வந்த முதல் வருடம், எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வழியாக இரண்டு தடவை அனுப்பினேன், சொன்ன நேரத்தில் போனது. மூன்றாவது தடவை 1,500 வெள்ளி கொடுத்தேன், தங்கை கல்யாணத்துக்கு. போகவில்லை. நாளைக்கு, நாளை மறுநாள் என்றார், அப்புறம் அவர் எண்ணே வேலை செய்யவில்லை. போலீஸில் போய்ச் சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அப்பா மண்டபத்துக்குக் கட்ட வேண்டியதை நான்கு வட்டிக்கு வாங்கினார். மூன்று மாத உழைப்பு, வெயிலில் கம்பி கட்டிய பணம். இன்றைக்கு எழுதும்போதும் வயிறு எரிகிறது.

உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்துகிறவருக்கு இங்கே 1,25,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அது அவர் பாடு என்று விட்டுவிட முடியாது. உண்டியலில் நீங்கள் கொடுத்த வெள்ளி ஊருக்குப் போவதில்லை. அங்கே வேறு யாருடைய பணத்தையோ எடுத்து உங்கள் வீட்டில் கொடுக்கிறார்கள், அல்லது உங்கள் அம்மா கணக்கில் போடுகிறார்கள். அது மோசடி செய்து பறித்த பணமாக இருந்தால் அம்மாவின் கணக்கு முடக்கப்படும், அவர்கள் காவல் நிலையத்துக்கு அலைவார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

உரிமம் உள்ள இடத்தில் அனுப்பினாலும் கணக்கில் யார் பெயரிலிருந்து பணம் வந்தது என்று வீட்டில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சம்பந்தமே இல்லாத தனிநபர் பெயர் இருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். சீனாவுக்கு இங்கிருந்து அனுப்பிய பலரின் பணம் இப்படித்தான் அங்கே முடக்கப்பட்டது. அதனால்தான் 2024 ஜனவரி 1 முதல் சீனாவுக்கு வங்கி, அட்டை நிறுவனங்கள் வழியாக மட்டுமே அனுப்ப வேண்டும் என்று பணம் அனுப்பும் நிறுவனங்களுக்கு எம்ஏஎஸ் உத்தரவிட்டது.

ரூம்ல இருக்கிற பையன், ‘உன் அக்கவுண்ட்ல பணம் போடறேன், நீ அனுப்பிக் கொடு, நூறு வெள்ளி தர்றேன்’ங்கறான். செய்யலாமா?

செய்யாதீர்கள். கூடப் பிறந்தவன் மாதிரிப் பழகினாலும் செய்யாதீர்கள். வங்கிக் கணக்கையும், அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைகிற சிங்பாஸ் அடையாளத்தையும் அடுத்தவருக்குக் கொடுப்பது இங்கே குற்றம், “எனக்குத் தெரியாது” என்று சொல்லித் தப்பிக்க முடியாத மாதிரிச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். போவது நூறு வெள்ளி இல்லை, உங்கள் பெர்மிட். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். மோசடி பற்றிக் கேட்க 1799 என்ற எண் இருக்கிறது.

எனக்கு ஊர்ல பழைய அக்கவுண்ட் இருக்கு. என்ஆர்இ, என்ஆர்ஓன்னு ஏன் குழப்புறாங்க?

வெளிநாட்டில் வேலைக்கு வந்துவிட்டால் அந்தப் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும். அதை வாடகை, விவசாய வருமானம் என்று ஊரில் வருகிற பணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் பிடித்துவிடுவார்கள். என்ஆர்இ என்பது இங்கிருந்து நீங்கள் அனுப்புகிற சம்பாத்தியத்துக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்பக் கொண்டுவரலாம். என்ஆர்இ டெபாசிட் குறைந்தது ஒரு வருடம், அதற்குள் உடைத்தால் வட்டி இல்லை.

வீட்டுச் செலவு அம்மா கணக்குக்கு, சேமிப்பு உங்கள் என்ஆர்இக்கு. இப்படிப் பிரித்து அனுப்பினால் மிச்சம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பத்து வருடம் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு அனுப்பிவிட்டு, ஊருக்குப் போன பிறகு அண்ணன் தம்பிக்குள் “நான் எவ்வளவு அனுப்பினேன், எங்கே போச்சு” என்று பேச்சே நின்றுபோன வீடுகளைத் தெரியும். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, கணக்கு இருந்தால் அந்தப் பேச்சே வராது.

வீட்டுக்கு அனுப்புற பணத்துக்கு இந்தியாவுல வரி உண்டா?

அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களுக்கு அனுப்பினால் அவர்களுக்கு வரி இல்லை, எவ்வளவு ஆனாலும். நண்பருக்கு அனுப்பினால் கதை வேறு. உறவு அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அது அவருடைய வருமானம். நண்பர் கணக்கு வழியாக வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

உங்கள் சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு, நீங்கள் வரிக்கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், அங்கே வரி இல்லை. எல்லோரும் தவறவிடுவது வந்த முதல் வருடத்தை. அங்கே வரி ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு நீங்கள் அங்கே வசிப்பவர்தான். டிசம்பரில் விமானம் ஏறியவர் எட்டு மாதம் ஊரில் இருந்திருப்பார், அதனால் மார்ச் வரை இங்கே வாங்கிய சம்பளமும் அந்த வருடக் கணக்கில் வரும். இங்கே வரி கட்டியிருந்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம். பெர்மிட்டுக்கு மேல்படியான எஸ் பாஸ், இபி அனுமதியில் இருக்கிற சம்பளக்காரர்கள் ஊர் ஆடிட்டரிடம் இந்த ஒரு வருடத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

வரி இல்லைன்னு சொன்னீங்களே, அப்ப மனைவி பேர்ல டெபாசிட் போட்டுடவா?

அனுப்பிய பணத்துக்கு வரி இல்லை, ஆனால் அதில் வருகிற வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வருமானத்தைக் கணவன் கணக்கில்தான் சேர்ப்பார்கள். என்ஆர்இயில் உங்கள் பெயரில் போட்டு, மனைவியைக் கூட்டுப் பெயராகச் சேருங்கள்.

எங்க ஊர்ல ரெண்டு ஏக்கர் வயல் விலைக்கு வருது. என் பேர்ல வாங்கட்டுமா?

இங்கே வேலையில் இருக்கும்போது வாங்க முடியாது. வெளிநாட்டில் வசிக்கிற இந்தியர் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்கக் கூடாது என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். அப்பா சொத்து வாரிசாக வந்தால் பரவாயில்லை. வீடு, வீட்டு மனை, கடை வாங்கலாம். பணம் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்தோ நேராக வங்கி வழியாகவோ போக வேண்டும், ரொக்கமாகக் கூடாது. உண்டியலில் போன பணத்தை வைத்து மனை வாங்கினால், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது.

லீவுல போறப்ப கையிலேயே கொண்டு போயிடலாமா?

கொஞ்சம் கொண்டு போகலாம். இங்கிருந்து கிளம்பும்போது 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது வெளிநாட்டு நோட்டு 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்திய ரூபாய் 25,000 வரைதான். “என் பையில் இதையும் வைத்துக்கொள்” என்று அடுத்தவர் தருகிற கவரை வாங்காதீர்கள்.

சம்பளம் முழுசையும் அனுப்பிட்டு இங்க கடன் வாங்கிச் சாப்பிடறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனது வரவில்லை. இரண்டு மாதச் சாப்பாட்டுக்கும் கைபேசிக்கும் ஆகிற தொகை எப்போதும் இங்கே உங்கள் கணக்கில் இருக்கட்டும். வேலை போனால் திருப்பி அனுப்பும் டிக்கெட் பெர்மிட் ஆட்களுக்கு முதலாளி பொறுப்பு, ஆனால் சம்பளப் பாக்கி வழக்கு இழுத்தால் அதுவரை சாப்பிட வேண்டுமே.

எனக்கு ஒண்ணு ஆயிட்டா அந்த என்ஆர்இ பணம் வீட்டுக்குக் கிடைக்குமா?

நாமினி போட்டிருந்தால் கிடைக்கும். இதைக் கேட்ட தம்பிக்கு இருபத்தாறு வயது, மூன்று வருடமாகச் சேர்க்கிறார், நாமினி இடம் காலியாகக் கிடந்தது. அன்றைக்கே தேக்கா சந்தைக்கு வெளியே உட்கார்ந்து வங்கிச் செயலியில் அவர் அம்மா பெயரைச் சேர்த்தோம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் வங்கிச் செயலியிலும் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். அப்படியே கணக்கு எந்த வங்கி, எந்தக் கிளை என்பதை வீட்டில் ஒருவருக்காவது எழுதிக் கொடுங்கள், கடவுச்சொல்லை வேண்டாம். அனுப்பிய ரசீதுகளைப் படம் எடுத்து வருடவாரியாக ஒரு இடத்தில் போட்டு வையுங்கள்.